சாவியா, செயலியா: ஓராண்டு பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடவுச்சொல்லுக்கு அடுத்த காவலாகப் பல ஆண்டுகள், நுழைவு எண்களைத் தரும் ஆதென்டிகேட்டர் என்னும் கைப்பேசிச் செயலியை மட்டுமே நம்பியிருந்த நான், யுஎஸ்பி துளையில் செருகியோ கைப்பேசியில் தொட்டோ பயன்படுத்தும் சிறு கருவிகளான யூபிகீ 5 என்எஃப்சி வகைப் பாதுகாப்புச் சாவிகள் இரண்டை வாங்கி, ஏறத்தாழ ஓராண்டாகச் செயலியோடு சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கத் தூண்டியது என் தவறு ஒன்றுதான். ஒரு நாள் பின்னிரவில், சேமிப்பிடம் நிறைந்துவிட்டதாக வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டேன். செயலி காட்டிய ஆறு இலக்க எண்ணையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தபோதுதான் முகவரியைக் கவனித்தேன். அதில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறியதால் கணக்கு தப்பியது.

செயலியின் மீது குறை சொல்ல முடியாது. அது செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஓர் இரகசியம் கைப்பேசியில் பதிகிறது. அதையும் அந்நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 30 நொடிக்கு ஒரு புதிய எண்ணைச் செயலி உருவாக்குகிறது. 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்னும் இணையத் தொழில்நுட்பத் தரநிலை இதற்கு அடிப்படை. இணைய இணைப்போ சிக்னலோ தேவையில்லை. நம் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கிவிட்டாலும் இந்த எண்கள் அவருக்குக் கிடைக்கா என்பதால், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட இது பல மடங்கு மேல். ஆனால், அந்த எண்ணை நாம் எந்தப் பக்கத்தில் இடுகிறோம் என்பது செயலிக்குத் தெரியாது. போலிப் பக்கத்தை நடத்துபவர் அதை வாங்கிய கையோடு உண்மையான தளத்தில் இட்டு உள்ளே நுழைந்துவிடலாம்.

சாவி வேறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான். பதிவு செய்யும்போது அது ஒவ்வொரு தளத்துக்கும் தனியான ஒரு மறையாக்கச் சாவி இணையை (ஒன்று தளத்துக்கு, மற்றது இரகசியம்) உருவாக்கிக்கொள்கிறது; அதன் இரகசியப் பாதி கருவியை விட்டு வெளியே வருவதே இல்லை. நுழையும்போது, நாம் நிற்கும் தளத்தின் முகவரியை உலாவியே சாவியிடம் தெரிவிக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தும் பதிவு கிடைக்காது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நம் கண்களின் தயவு அதற்குத் தேவையில்லை. 2022-இல் கிளவுட்ஃபிளேர் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் இதே போன்ற போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்ட பிறகும், அங்கே எல்லோரும் சாவி பயன்படுத்தியதால் தாக்கியவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை.

பயன்பாடு எளிது. யுஎஸ்பி துளையில் செருகியதும் நடுவிலுள்ள பொன்னிற வட்டம் பச்சையாக மின்னும். விரல் நுனியால் தொட்டால் போதும். அது கைரேகையைப் படிப்பதில்லை, ஒரு மனிதர் அருகில் இருக்கிறார் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்கிறது. கைப்பேசியின் பின்புறத்தில் வைத்துப் படிக்கச் செய்வதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தடித்த உறை போட்டிருந்தால் இரண்டு மூன்று முறை இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி கிடையாது. ஓராண்டாக வீட்டுச் சாவிக்கொத்தில் உரசிக் கிடந்தும் கீறல்களைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

குறைகளும் உண்டு. ஒரே சாவியை நம்ப முடியாது என்பதால் இரண்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் இரண்டையும் பதிய வேண்டும். நான் பயன்படுத்தும் சேவை ஒன்று ஒரு சாவிக்கு மேல் ஏற்க மறுக்கிறது, இது பொறுப்பற்ற ஏற்பாடு என்பதே என் கருத்து. சாவிக்கு நாம் வைக்கும் இரகசிய எண்ணை (PIN) தொடர்ந்து எட்டு முறை தவறாக இட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். மீட்டமைத்தால் பதிவுகள் அழிந்துவிடும். உள்மென்பொருளைப் புதுப்பிக்கவும் வழியில்லை. 2024 செப்டம்பரில் வெளியே தெரியவந்த பாதுகாப்புக் குறைபாடு, உள்மென்பொருள் 5.7-க்கு முந்தைய பதிப்பாக உள்ள சாவிகளில் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குறைபாட்டைத் திருடர் பயன்படுத்தச் சாவியைக் கைப்பற்றி விலையுயர்ந்த கருவிகளால் ஆராய வேண்டும் என்பதால் பழையதைத் தூக்கி எறியத் தேவையில்லை. புதிதாக வாங்குவோர் பதிப்பைப் பார்த்து வாங்கட்டும்.

மின்னஞ்சலுக்கும், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான கடவுச்சொல் மேலாளருக்கும் சாவிதான் வேண்டும் என்பது என் முடிவு. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அந்த மின்னஞ்சல் வழியாகவே மாற்றிவிடலாம் அல்லவா? கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023-இல் வந்த ஒத்திசைவு வசதியை இயக்கியிருந்தால், எண்களின் இரகசியங்களும் மின்னஞ்சல் இருக்கும் அதே கூகுள் கணக்கில்தான் சேர்கின்றன. ஏனைய கணக்குகளுக்குச் செயலி போதும். ஆண்ட்ராய்டில், மறையாக்கம் செய்த காப்புக் கோப்பைத் தரும் ஈஜிஸ் என்னும் ஆதென்டிகேட்டர் செயலி எனக்குப் பிடித்திருக்கிறது. சாவி வாங்க இயலாதவர்கள் கைப்பேசியிலேயே பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலான மின்னணுச் சாவி, அமைத்துக்கொள்ளலாம். அதுவும் முகவரியைச் சரிபார்க்கும்.

சாவியைப் பதிந்த பிறகு, கணக்கில் குறுஞ்செய்தி வழி நுழைவை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை, ‘வேறு வழியில் முயல்க’ என்பதைச் சொடுக்கித் திருடர் சாவியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சாவி தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். இரண்டாவது சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டும் முன், கணக்கிலிருந்து வெளியேறி, அதை மட்டும் கொண்டு ஒரு முறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள்.