பழைய வாட்ச்சுக்கு டயல் வாங்கும் முன் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய சாவி வாட்ச்சுக்கு டயல் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டுத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

என்னுடையது 1950-களில் வந்த ஸ்விஸ் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். 6 இருக்க வேண்டிய இடத்தில் நொடி முள்ளுக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. டயலில்தான் ஈரம் இறங்கி, 7-க்குப் பக்கத்தில் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறையோடேயே கட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆசை விடவில்லை.

பழைய பாகங்கள் விற்கும் ஒருவர் படம் அனுப்பினார். அதே கம்பெனி பெயர், அதே மாதிரி எண்கள். விட்டம் 29.5 மி.மீ. என்றார், என்னுடையதும் அதேதான். பின்பக்கப் படம் ஒன்று கேட்டேன். "பின்னாடி என்ன சார் இருக்கு, வெறும் தகடுதான். உங்க பழைய டயலை அனுப்புங்க, பக்கத்துல வெச்சுப் பார்த்தே அனுப்புறேன்" என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்து, டயலைக் கழற்றி அனுப்பியும் வைத்தேன். சொன்ன நாளில் பார்சல் வந்தது. புது டயல் மட்டும்தான் இருந்தது. பழையதை அப்புறம் அனுப்புவதாகச் சொன்னார்.

வழக்கமாகப் போகும் வாட்ச் ரிப்பேர்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்குக் காலே இல்லையே."

டயலின் முதுகில் குண்டூசி போல இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். மெஷின் தட்டில் அவற்றுக்கென்று இரண்டு துளைகள். கால்களை அதில் இறக்கி, பக்கவாட்டில் இருக்கும் பொடி ஸ்க்ரூவை முடுக்கினால் டயல் அசையாது. இந்தத் துளைகள் மெஷினுக்கு மெஷின் வேறு வேறு இடத்தில் இருக்கும், டயல் எந்தக் கம்பெனியுடையது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மெஷினாக இருந்தாலும் சிக்கல் வரலாம். சீகோ எஸ்கேஎக்ஸ்007 வாட்ச்சில் நேரம் திருத்தும் திருகு 4 மணிக்குப் பக்கத்தில் இருக்கும், அதற்காகவே உள்ளே 7எஸ்26 மெஷினைச் சற்றுத் திருப்பி வைத்திருப்பார்கள். அந்த டயலைத் திருகு நேராக 3-இல் இருக்கும் வாட்ச்சில் போட்டால் 12 சாய்ந்து நிற்கும்.

எனக்கு வந்த டயலின் முதுகில் கால் இருந்த இடத்தில் இரண்டு பளபளப்பான வட்டங்கள் மட்டும் இருந்தன. அரம் போட்டு ராவிய கோடுகள்கூட லென்ஸில் தெரிந்தன. வேறு ஏதோ மெஷினுக்கான டயல், காலை வெட்டி 'எதற்கும் பொருந்தும்' ஆக்கியிருக்கிறார்கள்.

போனில் கேட்டேன். "டபுள் டேப் போட்டு ஒட்டிக்கலாம் சார், எல்லாரும் அதான் பண்றாங்க." ரிப்பேர்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் பிடிவாதமாக ஒட்டச் சொன்னேன்.

டேப்பின் கனத்தில் டயல் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டது. பழைய வாட்ச்சில் அந்த மயிரிழை பெரிய விஷயம். நொடி முள்தான் டயலுக்கு மிக அருகில் சுற்றுவது. அது டயலை உரசத் தொடங்கியது. அதைவிட மோசம், குட்டி வட்டத்தின் துளை மெஷினில் இருக்கும் அச்சுக்கு நேராக வரவில்லை. அரை மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். அச்சு துளையின் ஓரத்தில் இடித்து, ஓடும், நிற்கும், தட்டினால் மறுபடி ஓடும். நான்கு நாளில் திறந்து பார்த்தபோது குட்டி வட்டத்துக்குள் ஊசியால் கீறியது போல ஒரு வளையம் விழுந்திருந்தது.

அப்போதுதான் 6-க்குக் கீழே இருந்த எழுத்தையும் ஒழுங்காகப் படித்தேன். 'டி ஸ்விஸ் டி'. ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்பதற்கான குறி. அது 1960-களில்தான் பரவலாக வந்தது. அதற்கு முன் ஒளிரும் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம்தான் பூசினார்கள். (பழைய டயலில் அப்படிப் பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். இப்போது இருட்டில் ஒளிராது, ஆனால் கதிரியக்கம் போகாது, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு.) ஆக, டயல் என் வாட்ச்சைவிடச் சில வருஷமாவது இளையது.

டயல் தேடும் முன் மெஷின் நம்பரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் மெஷினில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்குப் பக்கத்திலோ அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும். டயலின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, நடுத் துளையிலிருந்து நொடித் துளை வரைக்குமான தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்கள் எந்த மணிக்கு நேராக இருக்கின்றன என்று பார்க்கும்போது கவனம்: திருப்பினால் இடம் வலமாகிவிடும், முன்னால் 1-இல் இருக்கும் கால் பின்னால் 11-இல் தெரியும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பின்பக்கப் படம் கேளுங்கள். தரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பழைய டயலைக் கைவிட்டு அனுப்பாதீர்கள்.

விற்றவரிடம் டயலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டிப் பார்த்த சரக்கை வாங்க மாட்டேன் என்றார். சரி, என் பழைய டயலையாவது அனுப்புங்கள் என்றேன். "அதுவா? கறை பிடிச்சதுதானே சார், குப்பையில போட்டுட்டேன்."

ஒன்றரை மாதம் கழித்து அவருடைய விற்பனைப் பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தேன். 7-க்குப் பக்கத்தில் கறுப்பு படர்ந்த ஒரு டயல். 'ஒரிஜினல், கை படாதது, இரண்டு காலும் பத்திரம்' என்று போட்டு, நம்பிக்கைக்குப் பின்பக்கப் படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தார். எப்போதோ யாரோ ரிப்பேர்காரர் ஊசியால் கீறி வைத்த தேதி அதில் இருந்தது. கழற்றிய அன்று நானே லென்ஸ் வைத்துப் படித்த தேதி.

அது என்னுடையது என்று எழுதினேன். பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து விலை கேட்டேன். உடனே பதில் வந்தது: "ஃபிக்ஸட் ரேட் சார்."