ஆக்சியோவில் ஒன்பது வருடம்: பிரேக் திருந்தியது, என் கால்?

2016இல் எடுத்த டொயோட்டா ஆக்சியோ ஹைபிரிட் இப்போது 1,40,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. பாதி ஓட்டம் திருகோணமலை–கொழும்பு வீதியில்தான். பெற்றோல் கணக்கைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பிரேக்கைப் பற்றி.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் மொரிஸ் மைனரில். நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், சீட் பெல்ட் கிடையாது. மழைத் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால், மிதியை லேசாக அழுத்தியபடியே கொஞ்சத் தூரம் உருட்டி பிரேக்கைக் காயவைக்க வேண்டும். உட்துறைமுக வீதியில் பக்கத்து சீட்டில் இருந்து அப்பா சொன்னது ஒன்றுதான்: “பிரேக் பிடிக்காது எண்டு நினைச்சுக்கொண்டு ஓட்டு.”

ஆக்சியோவில் ஏபிஎஸ் (பிரேக்கை முழுதாக மிதித்தாலும் சில்லை இறுகிப்போக விடாத அமைப்பு), எயார்பாக், முன் வாகனத்தை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கை எல்லாம் இருந்தன. முதல் வருடம் அப்பா சொன்ன இடைவெளியிலேயே ஓட்டினேன். பிறகு எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாதான் கவனித்தார்: “தம்பி, ஏன் முன்னால போற பஸ்ஸை முட்ட முட்டப் போறாய்?”

ஒரு மார்கழி இரவு, கந்தளாய் தாண்டி நல்ல மழை. அந்த வீதியில் காருக்கு 70தான் சட்டம். நான் 85இல் வந்தேன். லைற் வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. கட்டாக்காலி மாடு, தார் வீதியில் படுத்தபடி. பிரேக்கை முழுதாக மிதித்தேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. சில்லுகள் இறுகிப்போகாததால் ஸ்டியரிங் கேட்டது. மாட்டின் வாலுக்கும் கதவுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். எச்சரிக்கை கத்தவேயில்லை. அது வாகனங்களுக்காகச் செய்தது, மாட்டுக்கு இல்லை. அப்புறம் கணக்குப் பார்த்தேன்: 70இல் நிற்க எடுக்கும் பிரேக் தூரத்தைப் போல 85இல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேண்டும். கார் தந்த பாதுகாப்பை முழுக்க நானே வேகமாக்கிச் செலவழித்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. 1980களில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒரே டாக்சி நிறுவனத்தின் கார்களில் பாதிக்கு ஏபிஎஸ் பூட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை, ஏபிஎஸ் இருந்தவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். அதற்காக இந்தப் பொருட்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். 1959இல் வோல்வோ கொண்டுவந்த மூன்று முனை பெல்ட் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. இங்கே முன் சீட்டுக்கு அது கட்டாயமானது 2011இல்தான். பின் சீட்டில் பெல்ட் தொங்கியும் இன்னமும் ஒருவரும் போடுவதில்லை, அதுதான் என் பெரிய ஆதங்கம். பெல்ட் போடாதவரை எயார்பாக் மட்டும் காப்பாற்றிவிடாது.

பாவித்த கார் எடுப்பவர்கள் சாவி போட்டதும் எயார்பாக் லைற் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

இப்போது மகள் பழகுகிறாள். போன ஞாயிறு விடியவே நிலாவெளிப் பக்கம் ஆளில்லாத வீதிக்குக் கூட்டிப்போய், 40இல் வைத்து பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொன்னேன். மிதி அதிர்ந்ததும் பயந்து காலை எடுத்துவிட்டாள். எடுக்கக்கூடாது, அழுத்திக்கொண்டே திருப்பு என்றேன். அப்புறம் கடல்மணல் படிந்திருந்த இடத்தில் அதையே செய்தோம். கார் இன்னும் தள்ளிப்போய்த்தான் நின்றது. ஐந்தாவது தடவை, நான் சொல்லாமலே, 30க்கு இறக்கிக்கொண்டு அந்த மணலுக்கு வந்தாள்.