தொலைபேசியில் மாதச் சாமான் வாங்குவோர் கவனத்திற்கு

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள், கடையிலிருந்து மளிகைப் பை வந்தவுடன், கொண்டுவந்த பையன் வாசலைவிட்டு நகர்வதற்குள் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் கொத்தவால்சாவடிக்கே நேரில் போய், தராசு அசையாமல் நிற்கும்வரை பார்த்திருந்து சாமான் வாங்குகிறவர்கள். 2021 மே 24ஆம் தேதி தொடங்கிய தளர்வில்லா ஊரடங்கில் மளிகைக் கடைகளும் மூடப்பட்டு, மே 31 முதல் தொலைபேசியில் கேட்பவர்களுக்குக் காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தபோது, தெருமுனைக் கடைக்கு வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பினேன். மறுநாள் இரண்டு கட்டைப்பைகள் வந்தன. பில் கிடையாது, மொத்தத் தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டுதான். கதவை முழுதாகத் திறக்காமலே பணத்தை அனுப்பிவிட்டேன்.

கிருமிக்குப் பயந்து பைகளை மாலைவரை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு, பிறகு பாக்கெட்டுகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம். அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் குட்டு உடைந்தது. சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் 205 ரூபாய் என்றிருந்த ஒட்டுச்சீட்டு ஊறிக் கழன்றுவர, அடியில் 178 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. மூன்று பாக்கெட்டிலும் இதே கதை. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதையும், அந்த விலையை மறைத்து ஒட்டுவதையும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தடைசெய்கின்றன.

சந்தேகம் வந்தபின், கீழ்வீட்டில் இட்லி மாவு விற்கும் அம்மாவிடம் எடை மெஷினை இரவல் வாங்கினேன். மெஷின்மேல் பழிவரக் கூடாதென்று முதலில் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். உறையோடு சேர்த்து 1 கிலோ 5 கிராம் காட்டியது. ஆனால் கடையில் கட்டிய 2 கிலோ துவரம் பருப்பு 1 கிலோ 820 கிராமாகவும், ஒரு கிலோ உளுந்து 910 கிராமாகவும், 3 கிலோ சர்க்கரை 2 கிலோ 760 கிராமாகவும் இருந்தன. கைதவறியிருந்தால் ஒன்று குறைந்து ஒன்று கூடியிருக்கும். கிலோவுக்கு 80, 90 கிராம் என்று எல்லாமே சீராகக் குறைவது எப்படி?

ஜூன் 7 அன்று கடைகள் திறந்ததும் நேரில் போய்க் கேட்டேன். "வெயில்ல காஞ்சா பருப்பு எடை கொறையும் சார்," என்றார் கடைக்காரர். சர்க்கரையுமா காயும் என்றதற்கு, "வூட்டாண்ட கொண்டாந்து குடுத்ததுக்குக் கூலி கேட்டனா?" என்றார். கூலி இன்னதென்று முன்பே சொல்லியிருந்தால் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பேன். எண்ணெய்க்கு அதிகமாக வாங்கிய 81 ரூபாயைத் திருப்பித் தந்தவர், எடைக் குறைவை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தராசில் அரசு முத்திரை எங்கே என்று கேட்டபோது அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எடையளவுப் புகார்களை விசாரிக்கும் தொழிலாளர் துறைக்கு, கழன்ற ஒட்டுச்சீட்டு, துண்டுச்சீட்டு, எடை காட்டும் படங்கள் ஆகியவற்றுடன் எழுதியிருக்கிறேன். அதே கடையில் வாங்கிய எதிர்வீட்டார் நேற்று மாவுக்கார அம்மாவின் மெஷினைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.