துள்ளி எழுவதா, உருண்டு எழுவதா? பொயின்ட்டில் நிலைக்க எது உதவும்

அக்காவின் மகள் ஆறு வருடம் பரதம் படித்துவிட்டு பலே நடனத்துக்குப் போனவள். பலேயில் விரல்நுனியில் எழுந்து நிற்பதைத்தான் பொயின்ட் என்பார்கள். அதற்கென்று முனை கெட்டியாகச் செய்த பொயின்ட் சப்பாத்து போட்டு இரண்டு வருடமாகிறது. பயிற்சிக்குப் பிடித்துக்கொள்ளும் பார் கம்பியைப் பிடித்தால் அசையாமல் நிற்பாள். கையை விட்டால் மூன்று எண்ணுவதற்குள் சரிவாள். கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இதற்கு மூன்று வழி சொல்லப்படுகிறது. மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது துள்ளி எழுவது. பலே பரீட்சைகள் நடத்தும் ரோயல் அகடமி ஒஃப் டான்ஸ் முறையில் இதற்குப் பெயர் ரெலவே. முழங்காலை மடித்து (இதுதான் பிளியே) இறங்கி, தரையை உதைத்து, ஒரே வீச்சில் விரல்நுனிக்குப் போகவேண்டும். அந்த வீச்சில் பாதம் சற்று உள்ளே இழுபட்டு, விரல்நுனி உடம்பின் நேர்கீழே வந்துவிடும். பரதம் படித்த கால் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். குதித்துமெட்டடவு என்ற பரத அடவில் குதித்து முன்பாதத்தில் நின்று பழகிய கால் அல்லவா! ஆனால் வேகம் பிழையை மறைத்துவிடும். பாரம் சின்னவிரல் பக்கம் சாய்ந்து கணுக்கால் வெளியே தள்ளினாலும், ஏறியவளுக்கே அது தெரியாது.

இரண்டாவது உருண்டு எழுவது. முழங்கால் மடியாமல் முதலில் குதிகால், பிறகு முன்பாதம், கடைசியில் விரல்நுனி. இங்கே விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்புதான் முன்னே நகர்ந்து அவற்றின் மேல் ஏறவேண்டும். என் பார்வையில், சமநிலை என்று நாம் தேடுவது இந்தச் சிறு நகர்வைத்தான். துள்ளலில் அதைப் பழக வாய்ப்பே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் இறங்குவது. பரதத்தின் தட்டடவில் பாதம் தரையில் ஒலிக்கவேண்டும், அதுதான் அழகு. பொயின்ட்டில் இறங்கும்போது சத்தம் வரவே கூடாது. எங்கள் பிள்ளை ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்று இறங்கினாள். சரி, இரண்டு எண்ணி ஏறு, நாலு எண்ணி இறங்கு என்றேன். எட்டுத் தடவைக்குள் கெண்டைக்கால் நடுங்கியது. முன்பாதத்தைக் கடக்கும் அந்த இடத்தில்தான் பிடி விட்டுப்போகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். மூன்றாம் கிழமை, கம்பியில் இரண்டு விரல் மட்டும் வைத்துச் சத்தமில்லாமல் இறங்கினாள். அப்புறம் கையை விட்டு ஆறு எண்ணும்வரை நின்றாள்.

மூன்றாவது, ஆடும் மெத்தையில் ஒற்றைக்காலில் நிற்பது. சுளுக்கு வந்து ஆறிய கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. வெறுங்காலில் மட்டும் செய்யுங்கள், சப்பாத்தோடு ஏறவே வேண்டாம். ஆனால் இது பொயின்ட்டுக்கு மாற்று ஆகாது. மெத்தையில் கணுக்கால் இங்குமங்கும் ஆடித் திருத்திக்கொள்கிறது. விரல்நுனியில் பாதம் முழுக்க நீண்டிருப்பதால் அதற்கு அவ்வளவு இடமில்லை. பெரும்பாலான திருத்தம் இடுப்பிலும் வயிற்றிலும்தான் நடக்கவேண்டும்.

காலைக் குறைசொல்லுமுன் சப்பாத்தைத் தொட்டுப் பாருங்கள். பலருடைய சப்பாத்தின் முனை துணியும் கடதாசியும் பசையும் சேர்ந்தது. வியர்வை பட்டால் இளகும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் இலேசில் காயாது. இளகிய முனைக்குள் விரல் இறங்கினால் எந்தப் பயிற்சியும் நிற்கவைக்காது. பையிலேயே விடாமல், விரலிடைப் பஞ்சை வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

என் தெரிவு உருண்டு எழுவதுதான், வகுப்பில்லாத நாளிலும். ஆனால் வீட்டு டைல்ஸில் சப்பாத்து வழுக்கும். அங்கே வெறுங்காலில், குசினி மேடையைப் பிடித்து, முன்பாதம் வரை ஏறி இறங்கினால் போதும். துள்ளலை விடச் சொல்லவில்லை, சுழற்சிக்கு அது வேண்டும். நாலு எண்ணி ஓசையில்லாமல் இறங்க வந்தபிறகு துள்ளலைக் கூட்டலாம்.