ரப்பர் செருப்போடு போக எந்த பார் நல்லது?

பழைய நண்பர்கள் நாங்கள் மாதம் ஒருமுறை சென்னையில் கூடுவோம். எங்கே உட்காருவது என்று பேசியபோது கைவசம் மூன்று இடங்கள் இருந்தன: எங்களில் ஒருவர் உறுப்பினராக இருக்கும் பழைய கிளப், நட்சத்திர ஓட்டல் பார், லாட்ஜோடு சேர்ந்த சாதாரண ஏசி பார். லாட்ஜைத்தான் பிடித்துக்கொண்டோம். டாஸ்மாக் பாரில் யாரும் உடுப்பைப் பார்ப்பதில்லை, ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியாது.

நட்சத்திர ஓட்டலில் பில் எகிறும், கிளப்பில் குறையும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் முடிவு வாசலில்தான் தீர்மானமானது.

எங்களில் ஒருவர் பெயிண்டிங் கான்ட்ராக்டர். வேட்டி, அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்போடு சைட்டிலிருந்து நேரே வருவார். வேட்டியைக் காரணம் காட்டி எந்தக் கிளப்பும் இன்று தடுக்க முடியாது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம். நல்ல சட்டம். ஆனால் செருப்புக்கு அதில் இடமில்லை.

"ஷூ இல்லாம உள்ள விட முடியாது சார்" என்று நண்பரின் கிளப் வரவேற்பில் தணிந்த குரலில் சொல்லி, கான்ட்ராக்டருக்கு இரவல் ஷூ ஒன்றைக் கொடுத்தார்கள். எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் ஷூ. கூடத்தைக் கடந்து போகும்போது அடிக்கு அடி குதிகால் கழன்று தரையில் தட்டியது. அன்று முழுக்க அவர் காலை நாற்காலிக்கு அடியிலேயே வைத்திருந்தார். அழைத்துப்போன நண்பராலும் வாய் திறக்க முடியவில்லை. விருந்தாளி செய்யும் தகராறுக்கு உறுப்பினர்தான் பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டவருக்கும் வந்தவருக்கும் ஒரே நேரத்தில் தலைகுனிவு வருகிற இடம் எனக்கு வேண்டாம்.

கிளப்பில் விதி எழுத்திலாவது இருக்கும். விசாரித்துவிட்டுப் போகலாம். நட்சத்திர ஓட்டலில் 'ஸ்மார்ட் கேஷுவல்ஸ்' (சாதாரணமாக, ஆனால் நேர்த்தியாக உடுத்தி வருவது) என்று போட்டிருந்தாலும், யாரிடம் அதைக் கேட்பது என்பது வாசலில் நிற்பவர் இஷ்டம். அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்த வெளிநாட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டவர், ஷூவும் முழுக்கால் சட்டையும் போட்டிருந்த எங்களிடம் "டேபிள் ஃபுல்" என்றார். கண்ணாடி வழியே காலி மேஜைகள் தெரிந்தன. விதி நம் உடையைப் பற்றியதென்றால் உடையை மாற்றிக்கொள்ளலாம். நிறத்தையும் முகத்தையும் எங்கே மாற்றுவது? இரண்டு மூன்று ஓட்டல்களை வைத்துத்தான் சொல்கிறேன். எல்லா இடமும் இப்படி இருக்காது.

லாட்ஜ் பாரில் சத்தம் அதிகம், கழிவறை சுமார். ஆனால் சப்ளையர் தம்பி, "வாங்கண்ணே, உள் ரூம்ல ஃபேனுக்குக் கீழ போட்டுடவா?" என்று கேட்கிறார். காலைப் பார்ப்பதில்லை. கான்ட்ராக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழையபடி எங்களை எல்லாம் பேசவிடாமல் பேசுகிறார்.

கூட்டத்தில் பெண்கள் இருந்தால் லாட்ஜைச் சொல்ல மாட்டேன். அங்கே பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போது கிளப்தான் சரி. ஆனால் கூப்பிடுபவர் முதல் நாளே போன் போட்டு, வேட்டியோடு செருப்புக்கும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.