கெர்லானின் ஷாலிமார்: முதல் கால் மணி நேரத்தில் முடிவெடுக்காதீர்கள்

கடையில் காகிதப் பட்டையில் ஒரு முறை அடித்து, உடனே மூக்கருகே கொண்டுபோய், "ஐயோ, பாட்டி வாசனை" என்று திருப்பி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. பிரெஞ்சு நிறுவனமான கெர்லானின் ஷாலிமார் பெர்ஃப்யூமை அப்படிப் பார்க்கவே கூடாது. முதல் கால் மணி நேரம் இது ஒரு மாதிரி, அடுத்த ஆறேழு மணி நேரம் முற்றிலும் வேறு மாதிரி.

அடித்தவுடன் எழுவது பெர்கமாட். எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்றின் தோலில் எடுக்கும் எண்ணெய். ஏர்ல் கிரே தேநீரில் வருவதும் இதே மணம்தான். ஷாலிமாரில் இதைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். அடியிலேயே புகையும் பதனிட்ட தோலும் கலந்த ஒரு நெடி, சிலருக்குப் புது ரப்பர் போலத் தெரியும். இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் நேரத்தில்தான் பலர் முகம் சுளிக்கிறார்கள். பொறுங்கள், பெர்கமாட் சீக்கிரம் பறந்துவிடும்.

பிறகு ரோஜா, மல்லிகை, ஐரிஸ். இதில் ஐரிஸ்தான் முக்கியம். இந்தப் பூச்செடியின் கிழங்குதான் மணப்பொருள். தோண்டிய கிழங்கில் மணம் கிடையாது. வருடக்கணக்கில் உலர வைத்தால்தான் கூடும். அந்தக் காலத்து ஐரோப்பிய முகப் பவுடர்களில் இதைத்தான் சேர்த்தார்கள். பிரான்ஸில் பலருக்கு ஷாலிமார் என்றதும் அம்மாவின் கைப்பையும் பாட்டியின் கண்ணாடி மேசையும் நினைவுக்கு வருவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பவுடர் வாசனை.

கடைசியில் வனிலா, டோங்கா விதை, ஓபோபானக்ஸ் பிசின். சாம்பிராணி போட்டு முடித்த வீட்டில், கொடியில் கிடக்கும் துணியை எடுத்து முகர்ந்தால் ஒரு வாசனை இருக்குமே, அதில் வனிலா கரைந்தால் எப்படியிருக்கும்? அதுதான் ஷாலிமார். ஐஸ்கிரீம் வனிலா இல்லை, புகையேறிய வனிலா. 1889இல் வந்த ஜிக்கி என்ற தங்கள் பழைய பெர்ஃப்யூமில் அந்த நிறுவனத்தின் பெர்ஃப்யூம் கலைஞர் ழாக் கெர்லான், வனிலா மணம் தரும் எத்தில் வனிலின் என்ற செயற்கைப் பொருளை ஊற்றிப் பார்த்ததில் பிறந்தது இது என்று சொல்வார்கள். வனிலாவுக்கு மணம் தரும் சாதாரண வனிலினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியமுள்ள பொருள் அது. பழைய தயாரிப்புகளில் அடியில் புனுகும் இருந்தது. இன்று அந்த இடத்தில் செயற்கைப் பொருள்தான். கொஞ்சம் சதைப்பற்று குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஷாலிமாரை 1925இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் வைத்தார்கள். நீரூற்றுத் தொட்டி போன்ற புட்டி, விசிறி வடிவ நீல மூடி. ஷாஜஹானும் மும்தாஜும் உலவிய ஷாலிமார் தோட்டம் என்று விளம்பரக் கதை சொல்லும். அந்தப் பெயரில் லாகூரிலும் ஸ்ரீநகரிலும் தோட்டங்கள் உண்டு. லாகூர்த் தோட்டமாக அது இருக்க முடியாது: மும்தாஜ் இறந்தது 1631, அந்தத் தோட்ட வேலை தொடங்கியது 1641. ஸ்ரீநகர்த் தோட்டமோ ஷாஜஹானின் தந்தை ஜஹாங்கீர் போட்டது.

நம் வெயிலுக்கு வருவோம். சூட்டில் வனிலா ஊதிப் பெருகும். அடர்த்தி கூடிய ஓ தெ பர்ஃபம் வகை என்றால் இரண்டே முறை: ஒன்று மார்பில், உடைக்கு உள்ளே; இன்னொன்று முழங்கை மடிப்பில். கழுத்தில் அடித்தால் நாள் முழுக்க நேராக உங்கள் மூக்குக்கே ஏறி, தலைவலியில் முடியும். சித்திரை, வைகாசியில் அடர்த்தி குறைந்த ஓ தெ துவாலெத் வகை போதும். அதில் பெர்கமாட் தூக்கலாகவும் வனிலா இலேசாகவும் இருக்கும். ஓ தெ பர்ஃபமை மார்கழிக்கும் ஏசி அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைத் தேய்க்க வேண்டாம். வெளிர் நிறப் பட்டில் அடிக்கவே வேண்டாம், இந்தப் பழுப்புத் திரவம் கறையாகப் பதியும்.

வருடங்கள் போகப் போகத் திரவம் இன்னும் கருக்கும். அது வனிலின் செய்யும் வேலை, கெட்டுப்போன அறிகுறி அல்ல. முதல் நிமிடத்தில் நகப்பூச்சு அழிப்பான் போல நெடியடித்தால் முதலில் எழும் மேல் மணம் செத்துவிட்டது என்று பொருள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், கடைசிவரை நிற்கும் அடி மணம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காமல் அட்டைப் பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள்.

பழைய புட்டி யாரிடமாவது கிடைத்தால் வெயில் படும் தோலில் பூசாதீர்கள். அன்றைய பெர்கமாட்டில் இருந்த பெர்காப்டென் என்ற வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கருக்கும். இப்போது அதை நீக்கித்தான் சேர்க்கிறார்கள். சால்வையின் உள்மடிப்பில் ஒரு துளி வைத்தால் போதும், அடுத்த முறை பிரிக்கும்போதும் மணக்கும்.