நடுத்தர விட்டத் தோட்டாக்கள் நான்கு: மறுநிரப்பு மேசையில் எது நல்லது?

நடுத்தர விட்ட வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி ஆற்றலில் முடிந்துவிடும். ஆலைத் தோட்டாவைப் பெட்டியோடு வாங்கிச் சுடுபவருக்கு அவ்வளவு போதும். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவருக்கு வேறு கவலைகள் உண்டு. குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளைக் கூடு எத்தனை முறை தாங்கும்? அந்த விட்டத்தில் குண்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றனவா? ஒரு வெடிமருந்து வகை கிடைக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாற முடியுமா? இப்படிக் கேட்டுப் பார்த்தால் அட்டவணையில் முதலிடம் பிடிக்கும் தோட்டா மேசையில் கீழே இறங்கிவிடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறுநிரப்புபவருக்கு 9.3×62 மவுசர்தான் முதல் தேர்வு. .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) அதற்கு மிக அருகில் நிற்கிறது. .338 வின்செஸ்டர் மேக்னமும் .35 வீலனும் குறிப்பிட்ட தேவை உள்ளவர்களுக்கு உரியவை. பெயரின் முதல் எண் விட்டத்தைக் குறிக்கிறது: 9.3 மில்லிமீட்டரில், புள்ளியில் தொடங்குபவை அங்குலத்தில்.

இங்கே மருந்தின் எடை எதையும் நான் தரப்போவதில்லை. அதற்கு நடப்புப் பதிப்பு கையேடு இருக்கிறது. அதன் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும். வீட்டில் தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூத்தது 9.3×62. பெர்லின் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கியது. மவுசர் 98 துப்பாக்கியின் சாதாரண நீள ஆக்ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயக்கப் பகுதி) அடங்கும் மிகப் பருமனான தோட்டாவைச் செய்வதே அவர் நோக்கம். 286 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டை விநாடிக்குச் சுமார் 720 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம், 300 கிரெயினைச் சுமார் 770 மீட்டரில் அனுப்புகிறது. .35 வீலன் 1922-இல் .30-06 கூட்டின் கழுத்தை விரித்துச் செய்யப்பட்டது. பல பத்தாண்டுகள் தனியார் பட்டறைத் தோட்டாவாகவே இருந்து, 1980-களின் இறுதியில்தான் ரெமிங்டன் வழியாக ஆலைத் தோட்டாவானது. 250 கிரெயினுக்கு அதன் வேகம் 730 மீட்டர் அளவில் நிற்கிறது. 1958-இல் வந்த .338, அதே 250 கிரெயினை 810 மீட்டருக்குக் கொண்டுபோகிறது.

ஆற்றல் கணக்கில் 9.3 ஏறத்தாழ 4,800 ஜூல், .375 ஏறத்தாழ 5,750 ஜூல். இந்த வேறுபாடு பொய்யல்ல. யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375-ஐக் குறைந்தபட்ச விட்டமாக விதித்திருக்கும் இடங்களில் விவாதத்துக்கே இடமில்லை; .375-ஐத்தான் வாங்க வேண்டும். மற்ற வேட்டையில், சரியான இடத்தில் பட்ட குண்டுக்கு விநாடிக்கு 50 மீட்டர் என்ற இந்த வேக வேறுபாட்டை எந்த மானும் உணர்ந்து சொல்லப்போவதில்லை. சுடுபவரின் தோள்பட்டை மட்டும் உணரும்.

மேசைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது .375, .338 இரண்டின் கூட்டின் அடிப்பாகத்தையும் சுற்றியுள்ள தடித்த பட்டை. .375-க்கு அது காரணத்தோடு வந்தது. கார்டைட் என்ற பழைய வெடிமருந்தின் குச்சிகள் நிரப்பிய காலத்துக் கூடு நீளமானது, நன்றாகச் சரிந்தது, தோளோ (கூடு கழுத்தாகக் குறுகும் இடம்) மிகச் சாய்வானது. அந்தத் தோளை நம்பி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் தோட்டாவை நிறுத்த முடியாது என்பதால் பட்டையில் நிறுத்தினார்கள். .338-க்கு 25 பாகைத் தோள் இருக்கிறது, பட்டை தேவையே இல்லை. பரம்பரைச் சொத்தாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பட்டையால் என்ன தொல்லை? தோட்டா பட்டையில் நிற்பதால், அறையின் தோளை எவ்வளவு முன்னே தள்ளி வெட்டினாலும் துப்பாக்கி வழக்கம்போல் சுடத்தான் செய்யும். ஆகவே தயாரிப்பாளர்கள் அங்கே தாராளமாக இடம் விடுகிறார்கள். முதல் வெடியில் கூட்டின் தோள் அந்த இடத்தை நிரப்ப முன்னே பாய்கிறது. பித்தளை பட்டைக்குச் சற்று மேலே மெலிகிறது. அடுத்து நாம் டையை (வெடித்த கூட்டைப் பழைய வடிவுக்கு அமுக்கும் அச்சு) ஷெல் ஹோல்டரில் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பிடி) முட்டும் வரை இறக்கி, மேலும் கால் சுற்று திருகினால், முன்னே போன தோள் பழைய இடத்துக்கே திரும்புகிறது. மறுபடி வெடி, மறுபடி மெலிவு. சில சுற்றுகளிலேயே கூட்டின் அடி தனியாகக் கழன்றுவிடும். டையோடு வரும் குறிப்புத்தாளில் அந்தக் கால் சுற்று அறிவுரை இன்னும் அச்சாகிக்கொண்டிருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

தீர்வு எளிது. பட்டை இருப்பதையே மறந்துவிட வேண்டும். உங்கள் அறையில் வெடித்த கூட்டின் தோள் எங்கே நிற்கிறது என்று அளந்து, டை அதை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பின்னே தள்ளும்படி அமைத்தால், .375 கூடும் பட்டையற்ற கூட்டைப் போலவே நீண்ட நாள் உழைக்கும். நுனி வளைத்த கம்பி ஒன்றைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்ப்பது இன்னொரு காவல்; பள்ளத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் வேலை முடிந்தது. வேட்டைக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் சிக்காமல் போய் வருகிறதா என்று, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, முன்கூட்டியே பார்த்துவிடவும் வேண்டும்.

9.3×62-இல் இந்த அத்தியாயமே கிடையாது. தோளில் நிற்கும் கூடு, 3,900 பார் என்ற மிதமான உச்ச அழுத்த வரம்பு (.375-க்கு 4,300), சாதாரண நீள ஆக்ஷன். .375-இன் கூடு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொள்ளும். அந்த அளவு மருந்து ஒவ்வொரு முறையும் எரிகிறது. .375 தோட்டாவின் முழு நீளம் 91.4 மில்லிமீட்டர் என்பதால் மேக்னம் நீள ஆக்ஷனும் கேட்கிறது. 9.3-இன் பரந்த குழலுக்கு நடுத்தர வேகத்தில் எரியும் மருந்து பொருந்துவதால் வார்கெட், ரீலோடர் 15, எச்4895 எனத் தேர்வு விரிகிறது. ஒன்று சந்தையில் இல்லாவிட்டாலும் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. .375-உம் இந்தத் தாராளத்தில் குறைந்ததல்ல, 4350 வகை வரை மெதுவான மருந்தையும் ஏற்கும். .338-தான் பிடிவாதக்காரன்: பெரிய கூடு, குறுகிய குழல், ஆகவே 4350, 4831 போன்ற மெதுவான வகைகளை நோக்கியே போக வேண்டியிருக்கிறது.

9.3-இல் ஒரு பொறி உண்டு. ஆலைக் கூடுகள் எளிதில் கிடைக்காத இடங்களில் .30-06 கூட்டை விரித்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை எழும். 9.3-இன் தோள் .30-06-இன் தோளைவிட 3 மில்லிமீட்டர் முன்னே இருக்கிறது. கூட்டின் அடியும் சற்றே பருமனானது. வெறுமனே கழுத்தை விரித்தால் தோட்டா அறைக்குள் நிற்க இடமில்லாமல் ஆடும். பொய்த்தோள் (தோட்டாவை அறையில் நிறுத்தக் கழுத்தில் செய்யும் தற்காலிகத் தோள்) அமைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். லபுவா, நார்மா, ப்ர்வி பார்ட்டிசான் ஆகியோர் சரியான கூட்டையே தயாரிக்கும்போது இந்த வித்தை எதற்கு?

.35 வீலனுக்கு இதே செயல் இயல்பானது, ஏனென்றால் அதன் தோள் .30-06 நின்ற இடத்திலேயே நிற்கிறது. சரிந்த விரிப்பு முனையுள்ள டையில் ஒரு தள்ளு, வேலை முடிந்தது. அடியில் .30-06 என்று பொறித்த கூட்டில் வீலன் தோட்டா இருப்பது மட்டும் ஆபத்தான குழப்பம். இரண்டையும் வைத்திருப்பவர் பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டியே தீர வேண்டும். வீலனின் தோள் மிகச் சிறியது, தோட்டாவை நிறுத்தப் போதாது என்ற பழைய புகாரை இன்னும் சிலர் சொல்வார்கள். ஒழுங்காக வெட்டிய அறையும் ஒழுங்காக அமைத்த டையும் இருந்தால் அந்தப் புகாருக்கு வேலையில்லை.

வீலனின் உண்மையான குறை குழலின் முறுக்கில், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்களின் சுற்றில், இருக்கிறது. ரெமிங்டன் தன் துப்பாக்கிகளுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கைக் கொடுத்தது. ஈயக் கரு உள்ள 200, 250 கிரெயின் குண்டுகளுக்கு அது போதும். செம்புக் குண்டு வந்தபின் கதை மாறியது. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு; அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது, நீளக் குண்டு வேகமான முறுக்கைக் கேட்கிறது. வீலனில் செம்பு சுட விரும்புபவர் 12 அங்குல முறுக்குக் குழலைத் தேட வேண்டும், அல்லது எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

செம்புக் குண்டின் பாதிப்பு நான்குக்கும் பொதுவானது. நீளம் கூடுவதால் கூட்டுக்குள் மருந்துக்கான இடத்தையும் குண்டே பிடித்துக்கொள்கிறது. அதனால் 9.3-இல் 286-க்குப் பதில் 250 கிரெயின் செம்பு பொருத்தமாக அமைகிறது. ஊடுருவலில் குறை தெரியாது. ஒரே எடை என்பதற்காக ஈயக் குண்டின் மருந்து அளவைச் செம்புக் குண்டுக்கு எடுத்துப் பயன்படுத்தவே கூடாது. அழுத்தம் வேறு, தரவும் வேறு.

குண்டு வகைகளின் எண்ணிக்கையில் .338-ஐ யாரும் நெருங்க முடியாது. .338 லபுவா மேக்னமும் அதே விட்டம் என்பதால் நெடுந்தூரச் சுடுநர்களுக்காகச் செய்யப்படும் நீண்ட குண்டுகளும் அதன் பட்டியலில் சேர்ந்துவிட்டன. திறந்த வெளியில், 300 மீட்டரைத் தாண்டிச் சுட வேண்டியவருக்கு நான் .338-ஐத்தான் சொல்வேன். புதரும் மரமும் அடர்ந்த காட்டில் 150 மீட்டருக்குள் சுடுபவருக்கு அந்த வேகம் வீண். கிடைப்பது பின்னுதைப்பும் மாமிசச் சேதமும்தான்.

பயிற்சிச் சுடுதலில் வீலன் மற்ற மூன்றையும் முந்துகிறது. கைத்துப்பாக்கிகளுக்கான .358 வார்ப்புக் குண்டுகள் அதன் குழலுக்குப் பொருந்துவதால், கையேட்டுத் தரவுப்படி மெதுவான, மலிவான தோட்டாக்களை நாள் முழுக்கச் சுடலாம். .375 வைத்திருப்பவருக்கும் ஒரு வழி உண்டு. எச்4895 மருந்துக்கு ஹாட்ஜ்டன் நிறுவனமே ஒரு விதி தந்திருக்கிறது: தரவில் உள்ள உச்ச அளவை 100 என்று கொண்டால் 60 வரை இறங்கலாம், அதற்குக் கீழே அல்ல. இந்தச் சலுகை அந்த மருந்துக்கு உரியது. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் பாதியளவு போட்டுப் பார்ப்பது தோட்டாவை மென்மையாக்காது. அழுத்தம் எதிர்பாராமல் எகிறித் துப்பாக்கியே சிதறக்கூடும். .338-க்குப் பொருந்தும் மருந்துகள் பெரும்பாலும் அந்த மெதுவான வகை என்பதால், அதில் மெல்லிய பயிற்சித் தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே வெளியிடப்பட்ட தரவு கையில் இருக்க வேண்டும்.